பால் ஜார்ஜ் போனார், கோப்பை வந்தது

2019 ஜூலை 5, வெள்ளிக்கிழமை இரவு. தெற்கு கலிஃபோர்னியாவில் 7.1 அளவில் நிலநடுக்கம். அதிர்வு லாஸ் வேகஸ் வரை எட்டியது. அங்கே என்பிஏ கோடைக்கால லீக் ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கூரையில் தொங்கிய ஸ்கோர்போர்டு ஆடுவதைப் பார்த்து, நான்காவது குவார்ட்டரில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அணி நிர்வாகிகள், ஏஜெண்டுகள், நிருபர்கள் என்று கூடைப்பந்து உலகத்தில் பாதிப் பேர் அந்த வாரம் அந்த ஊரில்தான் இருந்தார்கள். அன்று இரவே, நேரம் கழித்து, அவர்களுடைய போன்களில் ஒரு செய்தி வந்தது. கவாய் லெனர்ட் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸில் சேருகிறார். கூடவே ஓக்லஹோமா சிட்டி தண்டரின் பால் ஜார்ஜும் அங்கே போகிறார்.

லெனர்ட் மூன்று வாரத்துக்கு முன்புதான் டொராண்டோவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்திருந்தார். ஜார்ஜ் அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 28 புள்ளிகள் எடுத்து, எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்) வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்திருந்தார். எனவே பேச்செல்லாம் இந்த இருவரைப் பற்றியே. ஓக்லஹோமாவுக்குப் பதிலாகக் கிடைத்தவற்றில் ஆளாளுக்கு விரல் விட்டு எண்ணியது டிராஃப்ட் தேர்வுகளை, அதாவது புதிய வீரர்களை எடுக்கும் உரிமைகளை: ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், அதற்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குத் தேர்வு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை. அனுபவசாலியான டேனிலோ கலினாரியும் வந்தார். இன்னொருவர், என்பிஏ-வில் ஒரே ஒரு சீசன் ஆடியிருந்த கனடாக்காரர். பெயர் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர். அவருக்கு 21 வயது முடியவே இன்னும் சில நாட்கள் பாக்கி.

அவரை யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. 2018 டிராஃப்டில் 11-ஆவது ஆளாகச் சார்லட் அணி எடுத்து, அன்றைக்கே கிளிப்பர்ஸுக்கு மாற்றிக் கொடுத்த வீரர் அவர். முதல் சீசனில் சராசரி 10.8 புள்ளிகள். பிளேஆஃபில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக ஓர் ஆட்டத்தில் 25 எடுத்தார். நன்றாக வருவார் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்படும் இளைஞர்கள் ஒவ்வொரு டிராஃப்டிலும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.

ஓக்லஹோமா சிட்டியின் அன்றைய நிலைமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அப்போது ஏழு லட்சத்துக்கும் குறைவான மக்கள் இருந்த நகரம். பெரிய தொழில்முறை அணி என்றால் இது ஒன்றுதான். அதுவும் 2008-இல் சியாட்டிலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. சியாட்டில்காரர்களின் கோபம் இன்னும் ஆறவில்லை. வந்த நான்காம் ஆண்டே, 2012-இல், அணி பைனல்ஸுக்குப் போனது. கெவின் டுராண்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் மூவருமே அப்போது 24 வயதுக்குள். மயாமியிடம் 4-1 என்று தோற்றபோது, இவர்கள் திரும்பத் திரும்ப வரப்போகிறவர்கள்தானே என்றே எல்லாரும் நினைத்தார்கள். நான்கு மாதத்தில் ஹார்டனை ஹூஸ்டனுக்கு டிரேட் செய்துவிட்டார்கள், சம்பளக் கணக்கு இடித்ததால். 2016-இல் டுராண்ட் ஒப்பந்தம் முடிந்து கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். அவருக்கு ஈடாக ஒரு துரும்பும் வரவில்லை.

மிஞ்சியவர் வெஸ்ட்புரூக். அவருக்குத் துணையாக 2017-இல் இண்டியானாவிலிருந்து பால் ஜார்ஜைக் கொண்டுவந்தார் பொது மேலாளர் சாம் பிரஸ்டி. ஒரு வருடத்தில் ஓடிவிடுவார் என்று ஊரெல்லாம் ஆரூடம் சொன்னது. ஜார்ஜ் 2018-இல் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு எல்லாரையும் வாயடைக்க வைத்தார். ஆனால் களத்தில் ஒன்றும் நகரவில்லை. ஜார்ஜ் வருமுன் 2017-இல் முதல் சுற்றிலேயே வெளியேற்றம்; அவர் வந்த பிறகு 2018, 2019-இலும் அதே. கடைசி முறை போர்ட்லாந்தின் டேமியன் லில்லர்ட், ஜார்ஜ் கைநீட்டி நிற்க, 37 அடி தூரத்திலிருந்து பந்தை எறிந்து தொடரையே முடித்தார். அன்று அவர் எடுத்தது 50 புள்ளிகள். கூடையில் பந்து விழுந்ததும் தோற்ற அணியைப் பார்த்து ‘டாட்டா’ காட்டிய படம் அமெரிக்கா முழுக்கச் சுற்றியது. சம்பளச் செலவிலும் ஆடம்பர வரியிலும் உச்சாணியில், முடிவிலோ முதல் சுற்றில். அந்த அணியின் 2019 கோடை இதுதான்.

கிளிப்பர்ஸுக்கு வேறு விதமான பசி. 1970-இல் பஃபலோவில் தொடங்கி, சான் டியேகோ போய், 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் வந்த அணி அது. அதுவரை ஒரு முறைகூட கான்ஃபரன்ஸ் இறுதியை, அதாவது பைனல்ஸுக்கு முந்தைய சுற்றை, தொட்டதில்லை. அப்போது லேக்கர்ஸோடு பகிர்ந்துகொண்ட அரங்கில், அதே கூரையின் கீழ், லேக்கர்ஸின் கோப்பைக் கொடிகள் வரிசையாகத் தொங்கின. அந்தக் கோடையில் லெனர்ட் எந்த அணிக்கும் கட்டுப்படாதவர். லேக்கர்ஸும் அவரைக் கேட்டது. அங்கே லெப்ரான் ஜேம்ஸ் இருந்தார், ஆந்தனி டேவிஸும் வந்தாயிற்று. கிளிப்பர்ஸிடம் லெனர்ட் கேட்டது ஒன்றே: துணைக்கு இன்னொரு நட்சத்திரம். ஜார்ஜிடமும் பேசினார். ஜார்ஜ் தன் அணியிடம் போய், தன்னை அனுப்பிவிடும்படி கேட்டார்.

பிரஸ்டிக்கு வாய்த்த நேரம் அது. மேலோட்டமாகப் பார்த்தால் அவர் பலவீனமான இடத்தில் இருந்தார். நட்சத்திரமே போகிறேன் என்கிறார், என்ன செய்ய முடியும்? ஆனால் ஜார்ஜின் ஒப்பந்தத்தில் இன்னும் ஆண்டுகள் இருந்தன. அவசரப்பட வேண்டியது எதிர்த்தரப்புதான். ஜார்ஜ் கிடைக்காவிட்டால் கிளிப்பர்ஸுக்கு லெனர்டும் கிடைக்க மாட்டார். கிடைக்காத லெனர்ட் பக்கத்து லேக்கர்ஸுக்குப் போனாலும் போவார். ஆக ஒருவரை விற்று இரண்டு பேருக்கான விலையை வாங்க முடிந்தது. இந்த டிரேடைப் பற்றிப் பேசுகிறவர்கள் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் இவ்வளவு பெரிய ஆளானதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அதில் அதிர்ஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர் சுமாராக ஆடியிருந்தால்கூட ஓக்லஹோமாவுக்கு இது நஷ்டமாகாது என்கிற அளவுக்கு விலை வாங்கியிருந்தார் பிரஸ்டி.

அந்த விலை எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்பிஏ-வில் ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் புதியவர்களை அணிகள் வரிசை முறையில் எடுக்கும். தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை. இந்த வரிசையில் தன் இடத்தை ஓர் அணி இன்னொன்றுக்குக் கொடுக்கலாம், ஏழு ஆண்டுகள் முன்கூட்டியே. பின்தேதியிட்ட காசோலை போலத்தான். தேதி வரும்போது கொடுத்தவரின் கணக்கு எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது அதன் மதிப்பு. ஆனால் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்றே இல்லாதபடி ஓர் அணி எழுதிக் கொடுக்கக் கூடாது. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்ட் அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெப்பியன், கைக்கு வந்த தேர்வுகளையெல்லாம் வாரி இறைத்ததால் வந்த விதி. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஒருவர் பெயர் நிலைத்து நிற்க இப்படியும் ஒரு வழி.

அதனால் கிளிப்பர்ஸ் 2022, 2024, 2026 என்று ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு தன் சொந்தத் தேர்வுகளைக் கொடுத்தது. இடையில் வரும் 2023-க்கும் 2025-க்கும் இடமாற்ற உரிமை. போதாக்குறைக்குத் தன்னிடம் இருந்த மயாமி அணியின் இரண்டு தேர்வுகள். அந்த அணியின் 2022 முதல் 2026 வரையிலான எதிர்காலத்தில் விதி அனுமதித்த ஒவ்வொரு கட்டமும் ஓக்லஹோமாவின் கைக்குப் போனது. எதற்காக? லெனர்ட், ஜார்ஜ் இருவருமே 2021-இல் விரும்பினால் விலகிப் போகலாம். உறுதியாகக் கிடைத்தது இரண்டே சீசன்.

அடுத்த வாரமே வெஸ்ட்புரூக்கும் போனார், ஹூஸ்டனுக்கு. பதிலுக்குக் கிறிஸ் பாலும் இன்னும் சில தேர்வுகளும். மூத்தவர் பாலின் பக்கத்தில் ஒரு சீசன் ஆடியது இளையவர் கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு நல்ல பள்ளிக்கூடம். தேறாது என்று எழுதப்பட்ட அந்த அணி 44 ஆட்டங்களை வென்று பிளேஆஃபுக்கும் போனது. பிறகு பாலையும் ஃபீனிக்ஸுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகுதான் கஷ்ட காலம்.

2020-21-இல் 22 வெற்றி, 50 தோல்வி. 2021-22-இல் 24 வெற்றி, 58 தோல்வி. 2021 டிசம்பர் 2 அன்று மெம்ஃபிஸில் 152-79 என்று தோற்றார்கள். 73 புள்ளி வித்தியாசம். என்பிஏ வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி. வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அதில் நியாயமும் இருந்தது. நல்ல உடல்நிலையில் இருந்த அல் ஹார்ஃபோர்டை, இளைஞர்களுக்கு ஆட நேரம் வேண்டும் என்று 2020-21 சீசனின் நடுவிலேயே ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த ஓக்லஹோமாக்காரர்களை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. ஒரு நிர்வாகி ‘பொறுமை’ என்று சொல்லும்போது, அதற்கான செலவு பார்வையாளர் தலையில்தான் விழுகிறது.

2022 டிராஃப்டில் நிலைமை திரும்பியது. சொந்தத் தேர்வில் இரண்டாவது ஆளாகச் செட் ஹோம்கிரன். ஏழடி உயரம், ஒல்லி உடம்பு. 12-ஆவது தேர்வு கிளிப்பர்ஸ் எழுதிக் கொடுத்தது. லெனர்ட் முழங்கால் காயத்தால் 2021-22 சீசன் முழுவதும் ஆடாததால் கிளிப்பர்ஸ் பிளேஆஃபையே தவறவிட்டது. அதனால்தான் அது 12 வரை மேலேறி வந்தது. அந்த இடத்தில் எடுத்தது, சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தின் ஜேலன் வில்லியம்ஸை. பெரிய கூடைப்பந்துக் கல்லூரி அல்ல. முன்னாள் நட்சத்திரம் ஸ்டீவ் நாஷ் படித்த இடம் என்பதுதான் அதற்குப் பெருமை.

பிறகு வேகம். 2022-23-இல் 40 வெற்றி, அடுத்த ஆண்டு 57, 2024-25-இல் 68. கில்ஜியஸ்-அலெக்சாண்டர் சராசரி 32.7 புள்ளிகளோடு லீகிலேயே முதலிடம், எம்விபி. அவர் ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? குதிப்பதில்லை, மின்னல் வேகமும் இல்லை. ஓடிக்கொண்டே இருப்பவர் திடீரென்று நிற்பார். தடுப்பவர் இரண்டடி தாண்டிப் போயிருப்பார். அந்த இடைவெளியில், பதினைந்து அடி தூரத்தில், அவசரமில்லாமல் ஒரு ஷாட். எல்லாரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போன காலத்தில் பழைய பாணியில் நடுவில் நின்று ஆடுகிறார். எதிரணி ரசிகர்களுக்கு அவர் வாங்கும் ஃப்ரீ த்ரோக்களின் மேல் தீராத எரிச்சல். எனக்கும் சில இரவுகளில் அந்த எரிச்சல் உண்டு.

பைனல்ஸில் எதிரணி இண்டியானா பேசர்ஸ். ஏழாவது ஆட்டம் வரை போனது. ஜூன் 22, நமக்குத் திங்கட்கிழமை அதிகாலை. முதல் குவார்ட்டரிலேயே இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். ஓக்லஹோமா 103-91 என்று வென்றது. கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 29 புள்ளி, 12 அசிஸ்ட். பைனல்ஸின் சிறந்த வீரரும் அவரே. ஒரே சீசனில் புள்ளியில் முதலிடம், எம்விபி, பைனல்ஸ் எம்விபி மூன்றையும் அதற்கு முன் கடைசியாக எடுத்தவர் 2000-இல் ஷக்கீல் ஓ’நீல். ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்துத் தொடரைத் திருப்பியவர் ஜேலன் வில்லியம்ஸ். இருவருமே பால் ஜார்ஜுக்கு ஈடாக வந்தவர்கள்.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு பாதி இருக்கிறது. தோற்ற இண்டியானாவும் பால் ஜார்ஜால் கட்டப்பட்ட அணிதான். 2017-இல் ஜார்ஜை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்து அவர்கள் வாங்கியது விக்டர் ஒலடீப்போவையும் டொமான்டாஸ் சபோனிஸையும். அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அன்று சிரிக்காதவர் இல்லை. அந்தச் சபோனிஸை 2022 பிப்ரவரியில் சாக்ரமெண்டோவுக்கு அனுப்பித்தான் ஹாலிபர்ட்டனை வாங்கினார்கள். ஒலடீப்போ போனபோது காரிஸ் லெவெர்ட் வந்தார். லெவெர்ட் கிளீவ்லாண்டுக்குப் போனபோது வந்த தேர்வு ஒன்றில் ஆண்ட்ரூ நெம்ஹார்டை எடுத்தார்கள். பைனல்ஸில் கில்ஜியஸ்-அலெக்சாண்டரைத் தடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் நெம்ஹார்டுக்குத்தான். ஆக, களத்தில் எதிரெதிரே நின்ற அந்த இருவருமே ஒரே மனிதரை விற்ற பணம். அந்த மனிதர் அப்போது ஃபிலடெல்ஃபியா அணியில் 41 ஆட்டங்கள் மட்டுமே ஆடியிருந்தார்; அணி 58 தோல்விகளோடு சீசனை முடித்திருந்தது.

ஓக்லஹோமா பக்கத்தில் நூலைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் இன்னும் வேடிக்கை. ஒலடீப்போவையும் சபோனிஸையும் அவர்கள் 2016-இல் ஆர்லாண்டோவிடமிருந்து வாங்கியது செர்ஜ் இபாகாவைக் கொடுத்து. இபாகாவை எடுத்தது 2008 டிராஃப்டில் 24-ஆவது இடத்தில். அந்த 24-ஆவது இடம் ஃபீனிக்ஸுடையது. 2007 கோடையில் சம்பளச் செலவைக் குறைக்க நினைத்த ஃபீனிக்ஸ், கர்ட் தாமஸ் என்ற மூத்த வீரரைச் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று, கூடவே இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் வைத்துச் சியாட்டிலுக்குக் கொடுத்தது. பிரஸ்டி வேலையில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அணி இன்னும் சியாட்டிலில்தான் இருந்தது. ஃபீனிக்ஸ் அன்று மிச்சம் பிடித்த பணத்தின் மறு முனையில், 18 ஆண்டு கழித்து, ஓக்லஹோமாவில் ஊர்வலம்.

கிளிப்பர்ஸுக்கு இன்று என்ன மிச்சம்? 2020-இல் டென்வரை 3-1 என்று முந்தி நின்று தோற்றார்கள். 2021-இல் முதன்முறையாகக் கான்ஃபரன்ஸ் இறுதிக்குப் போனார்கள். போகும் வழியில் லெனர்டின் முழங்கால் போயிற்று. ஜார்ஜ் இருந்த ஐந்து சீசனில் வென்ற பிளேஆஃப் தொடர்கள் மூன்றே மூன்று. 2024-இல் ஒப்பந்தத்திலிருந்து விலகி அவர் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனபோது கிளிப்பர்ஸுக்கு ஈடாக எதுவும் வரவில்லை, டுராண்ட் போனபோது ஓக்லஹோமாவுக்கு வராதது போலவே. 2025 டிராஃப்டில் இடமாற்ற உரிமையும் பலித்தது: கிளிப்பர்ஸின் 24-ஆவது இடம் ஓக்லஹோமாவுக்கு, சாம்பியனின் 30-ஆவது இடம் கிளிப்பர்ஸுக்கு.

இதை வைத்து அவர்களை முட்டாள்கள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பைனல்ஸ் எம்விபி வாங்கிய கையோடு ஒருவர் வந்து வாசலில் நிற்கிறார், ஐம்பது வருடமாக ஒன்றும் வெல்லாத அணியின் வாசலில். துணைக்கு ஒருவரைக் கேட்கிறார். யார்தான் கதவைச் சாத்துவார்கள்? 2021-இல் அந்த முழங்கால் தாங்கியிருந்தால் இந்தக் கதையை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும்.

ஓக்லஹோமாவுக்கும் இன்று பழைய இக்கட்டு திரும்பி வந்திருக்கிறது. 2025 ஜூலையில் கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு நான்கு ஆண்டுக்கு 28.5 கோடி டாலர். வில்லியம்ஸுக்கும் ஹோம்கிரனுக்கும் ஐந்தாண்டு ஒப்பந்தம். ஊக்கத்தொகை எல்லாம் சேர்ந்தால் மூவருக்குமாக 80 கோடி டாலரைத் தாண்டும். 2023-இல் வந்த புதிய தொழிலாளர் ஒப்பந்தம் அதிகம் செலவழிக்கும் அணிகளின் கையைக் கட்டிப்போடுகிறது. உச்ச வரம்பைத் தாண்டினால் இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது. ஏழு ஆண்டு தள்ளியிருக்கும் முதல் சுற்றுத் தேர்வும் முடக்கப்படும். 2012-இலும் மூன்று இளைஞர்கள்தான். ஹார்டனை அனுப்பிய கையில் கிடைத்தவர்களில் கடைசிவரை உருப்படியாக உதவியவர் ஸ்டீவன் ஆடம்ஸ் ஒருவரே. ஹார்டன், டுராண்ட், வெஸ்ட்புரூக் மூவரும் பின்னாளில் தனித்தனியே எம்விபி ஆனார்கள்.

அன்று இல்லாத ஒன்று இன்று பிரஸ்டியிடம் இருக்கிறது: இன்னும் பணமாக்காத தேர்வுகள். மயாமி தேர்வுகளில் ஒன்று 2025-க்குத் தள்ளிப்போய், 15-ஆவது இடத்தில் தாமஸ் சோர்பர் என்ற இளைஞராக வந்து சேர்ந்தது. கிளிப்பர்ஸ் 2019-இல் எழுதிக் கொடுத்ததில் கடைசியானது 2026-க்கானது, எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் இல்லாதது. சென்டர் ஐசையா ஹார்ட்டன்ஸ்டைன், தடுப்பாட்டக்காரர் லூ டோர்ட் இருவரையும் 2026-27-க்கு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவு ஒப்பந்தப்படி அணியிடம் விடப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவரை விட நேர்ந்தால் அந்த இடத்தில் புதியவருக்கான குறைந்த சம்பளத்தில் ஒருவரை நிறுத்தலாம். அவரும் கிளிப்பர்ஸின் தேர்வில் வந்தவராக இருக்கலாம்.